நிரூபணம் எழுதச் சொன்னால் கதை வருகிறது

பொள்ளாச்சியிலிருந்து கேரளத்தில் பாலக்காட்டுச் சித்தூர் பக்கம் தமிழுக்குக் கெஸ்ட் டீச்சராக வந்திருக்கும் ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: "பிளஸ் டூ பிள்ளைகளை நாவலைப் பற்றி எழுதச் சொன்னால் கதைச்சுருக்கம்தான் எழுதுகிறார்கள். இங்கே எப்படிச் சொல்லிக் கொடுப்பது?"

டீச்சர் (கோபாலபுரம் எல்லை தாண்டிவிட்டால் இனி எல்லோருக்கும் நீங்கள் டீச்சர்தான்), ஒரு சொல்லிலிருந்து தொடங்குங்கள். மலையாளத்தில் நிரூபணம் என்றால் விமர்சனம். 'கதாபாத்திர நிரூபணம்' பக்கத்து மலையாள வகுப்பிலிருந்து பிள்ளைகள் காதில் விழுந்துகொண்டே இருக்கும். நமக்கோ நிரூபணம் என்றால் சாட்சி வைத்து மெய்ப்பிப்பது. இரண்டு பொருளையும் போர்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் போடுங்கள். ஒரு கருத்தைச் சொல், அதற்கு நாவலுக்குள்ளிருந்தே சாட்சி கொண்டு வா. நாவல் ஆய்வு அவ்வளவுதான். (ஸ்டாஃப் ரூமில் "நாளைக்கு அவதி" என்றால் பதற வேண்டாம், லீவு என்று அர்த்தம்.)

முதல் நாவலாக ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' எடுங்கள். 1942-ல் வந்தது, சிறியது, கொங்குப் பேச்சு. விதவை நாகம்மாள் கொழுந்தன் சின்னப்பனிடம் நிலத்தில் பங்கு கேட்கும் கதை, ஊர் முரடன் கெட்டியப்பன் அவளுக்குத் துணை. கொழிஞ்சாம்பாறைப் பிள்ளைக்கு அதில் அருஞ்சொற்பொருள் தேவைப்படாது. தகழியின் மலையாள நாவல் 'செம்மீன்' வேண்டாம், குறைந்தபட்சம் முதலில் வேண்டாம். 1965-ல் வந்த படத்தைப் பார்த்துவிட்டு அதையே எழுதி வைப்பார்கள்.

முழு நாவலையும் வகுப்பில் நடத்த முடியாது. வீட்டில் படித்து வரட்டும். வகுப்புக்கு ஒரே ஒரு பக்கம் ஜெராக்ஸ், நாகம்மாள் பங்கு கேட்கும் பேச்சு வரும் இடம். 45 நிமிஷத்தில் முதல் பத்து நிமிஷம் இரண்டு தடவை உரக்க வாசிப்பு. இரண்டாம் தடவை ஆள் பிரித்து வாசிக்கச் சொல்லுங்கள்: கதை சொல்பவருக்கு ஒருவர், ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒருவர். பிறகு பென்சில். கதை சொல்பவர் சொல்வதற்கு ஒரு கோடு, பாத்திரம் சொல்வதற்கு இரண்டு கோடு. இதைத் தவறவிடாதீர்கள், ஏனென்றால் பாதிப் பிழை இங்கேதான் பிறக்கிறது. ஊர் வாய் அவளைத் தூற்றினால், "ஆசிரியர் நாகம்மாளைக் கெட்டவள் என்கிறார்" என்று எழுதிவிடுவார்கள்.

மீதி நேரத்தில் நாலே வாக்கியம் எழுத வேண்டும். வழக்கமாக வருவது இப்படி இருக்கும்: "நாகம்மாள் பேராசைக்காரி. பங்கு கேட்டாள். கெட்டியப்பனோடு சேர்ந்தாள். கடைசியில் சின்னப்பன் கொலையானான்." மூன்று வாக்கியம் சம்பவம், ஒன்று சாட்சியில்லாத தீர்ப்பு. அடிக்கோடிட்டுத் திருப்பிக் கொடுக்காமல் கேளுங்கள்: அவள் கேட்டது யாருடைய பங்கு? செத்துப்போன புருஷன் பங்கு. பேராசை என்று சொன்னது யார்? இந்த இரண்டு கேள்விக்குப் பிறகு பதில் மாறும்: "நாகம்மாள் அடுத்தவர் சொத்தைக் கேட்கவில்லை, கணவனின் பங்கைத்தான் கேட்கிறாள். ஆனால் கெட்டியப்பன் துணைக்கு வந்ததும், கேட்டதில் இருந்த நியாயம் ஊர்க் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது." அடுத்த இரண்டு வாக்கியத்தில் ஜெராக்ஸிலிருந்து ஒரு வரியும், அந்த வரி இதை எப்படிக் காட்டுகிறது என்பதும்.

கெட்டிக்காரப் பிள்ளைகளுக்குப் பின்னணி கொஞ்சம் கொடுக்கலாம். 1937-ல் வந்த சட்டம் இந்து விதவைக்குக் கணவன் சொத்தில் உரிமை கொடுத்தது. விவசாய நிலத்துக்கு அது செல்லாது என்று 1941-ல் ஃபெடரல் கோர்ட் சொல்லிவிட்டது. அடுத்த வருஷம் அச்சான நாவலில் அவள் கேட்பதோ நிலம். ஆனால் கட்டுரையில் இது ஒரு வாக்கியத்துக்கு மேல் போகக் கூடாது. போனால் சமூக அறிவியல் விடை ஆகிவிடும்.

சுருக்கமா ஆய்வா என்று பிள்ளைகளே கண்டுபிடிக்க ஒரு வழி: 'பிறகு', 'அப்புறம்' எத்தனை என்று எண்ணச் சொல்லுங்கள். பக்கத்துக்கு மூன்றுக்கு மேல் இருந்தால் அது கதை. 'ஏனெனில்', 'ஆனால்', 'என்றாலும்' கூட வேண்டும். மேற்கோள் ஒரு வரி என்றால் சொந்த எழுத்து மூன்று வரியாவது இருக்கட்டும். அரைப் பக்கம் மேற்கோள் என்றால் பெரும்பாலும் இடத்தை நிரப்பத்தான்.

இரண்டாம் நாவலுக்குச் சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை' (1966). தாமோதர ஆசான் கதை சொல்ல, இளவட்டங்கள் சுற்றி உட்கார்ந்து கேட்கும். ஆசான் சொன்னதற்குச் சாட்சி யார்? இந்த ஒரு கேள்வியிலேயே இரண்டு வகுப்பு ஓடிவிடும். 'செம்மீ'னைத் தமிழுக்குக் கொண்டுவந்ததும் சுந்தர ராமசாமிதான், அதற்குப் போக விரும்பினால் இங்கிருந்து போங்கள்.

ஓணம் லீவுக்கும் கிறிஸ்துமஸ் பரீட்சைக்கும் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு மாடல் எக்ஸாம் வந்து எல்லாவற்றையும் விழுங்கிவிடும். தியரி 80 போக சி.இ. (பள்ளியிலேயே போடும் தொடர் மதிப்பீடு) 20 மார்க் இருக்கிறது, இந்த வேலையை அங்கே அசைன்மென்ட்டாகக் காட்டலாம். பரீட்சையில் எழுதத் தொடங்கும் முன் கேள்வித்தாளைப் படிக்கக் கிடைக்கும் 15 நிமிஷ கூல் ஆஃப் நேரத்தில் கருத்து ஒன்று, சாட்சி இரண்டு என்று மனசுக்குள் முடிவு செய்யப் பழக்குங்கள்.

முதல் வரைவில் ண, ன, ர, ற, ஒற்று எதற்கும் சிவப்பு மை வேண்டாம். மலையாளத்தில் எழுதிப் பழகிய கை, தமிழுக்குத் திரும்பச் சில வாரம் ஆகும். சாட்சி இருக்கிறதா, இல்லையா என்று மட்டும் பாருங்கள். நாலு வாக்கியம்தானே, நாற்பது தாளையும் பொள்ளாச்சி பஸ்ஸிலேயே திருத்திவிடலாம்.