பேசாமல் விட்டால் ‘வேண்டாம்’ என்று பொருள்

கேள்வி: மிசிசிப்பிக்குக் குடிவந்து ஓராண்டு ஆகிறது. மகளுக்கு 13 வயது. பாலியல் கல்வி வகுப்பில் சேர்க்கச் சம்மதமா என்று கேட்டுப் பள்ளியிலிருந்து படிவம் வந்திருக்கிறது. கையெழுத்துப் போடத் தயக்கமாக இருக்கிறது. அப்படியே விட்டுவிடலாமா?

பதில்: விட்டால் உங்கள் மகளுக்கு அந்த வகுப்பு கிடையாது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் பெற்றோர் மறுத்தால்தான் பிள்ளையை விலக்குவார்கள். மிசிசிப்பியில் 2011-இல் வந்த சட்டப்படி, பெற்றோர் கேட்டால்தான் சேர்ப்பார்கள். படிவம் புத்தகப்பையின் அடியில் கசங்கிக் கிடந்ததாலேயே வகுப்பை இழக்கும் பிள்ளைகளை நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை. கையெழுத்துப் போடுங்கள்.

அதற்குமுன், உங்கள் கல்வி மாவட்டம் எந்தப் பாடத்தை எடுத்துக்கொண்டது என்று பள்ளியில் கேளுங்கள். திருமணம் வரை உடலுறவிலிருந்து விலகியிருக்கச் சொல்வதோடு நிற்பது ஒன்று. அதோடு கருத்தடை, பால்வினை நோய்த் தடுப்பு பற்றியும் பேசுவது மற்றொன்று. எதுவானாலும் ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனியாகத்தான் நடக்கும். ஆணுறை பயன்படுத்தும் முறையைச் செய்து காட்டச் சட்டம் அனுமதிப்பதில்லை. பாடப்பொருள் முழுவதையும் நேரில் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு, போய்ப் பாருங்கள்.

சொல்லிக்கொடுத்தால் பிள்ளை கெட்டுவிடும் என்ற பயம் நம் வீடுகளில் ஊறிப்போனது. முறையான பாலியல் கல்வி பிள்ளைகளை அவசரப்படுத்துவதில்லை என்றே ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. மிசிசிப்பியிலோ பதின்வயதுப் பிரசவ விகிதம் தேசிய சராசரியைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. 2022-க்குப் பிறகு அங்கே கருக்கலைப்புக்கு அநேகமாக வழியே இல்லை. அதனால் வகுப்பு விட்டுவைப்பதை வீடுதான் நிரப்ப வேண்டும்.

உடம்பைத் தொட யார் வந்தாலும், நெருங்கிய நண்பனே ஆனாலும், மறுக்கலாம் என்று சொல்லுங்கள். கைப்பேசியில் படம் அனுப்பச் சொல்லி யாராவது நச்சரித்தால் அன்றைக்கே உங்களிடம் சொல்லட்டும். மாதவிலக்கு தள்ளிப்போனாலும் திட்டு விழாது என்ற நம்பிக்கை அவளுக்கு இருக்க வேண்டும். அந்த நம்பிக்கை இல்லாத பெண்தான் நாலு மாதம் மறைத்து வைக்கிறாள். முகம் பார்த்துப் பேசக் கூச்சமாக இருந்தால் கார் ஓட்டும்போது பேசுங்கள். இருவர் கண்ணும் சாலையில் இருக்கும், பேச்சு தானாக வரும்.

கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி போட்டாயிற்றா? 15 வயதுக்குள் தொடங்கினால் ஆறு முதல் பன்னிரண்டு மாத இடைவெளியில் இரண்டு ஊசி போதும். தள்ளிப்போட்டால் மூன்று ஆகும்.