ரகுமான் பைத்தியமும் மேனேஜ்மென்ட் சீட்டும்

தேவகோட்டையிலிருந்து ஒரு ஆச்சி எழுதியிருக்கிறார். மகன் பிளஸ் டூ முடித்திருக்கிறான். இயற்பியல், வேதியியல், கணிதம், கணினி அறிவியல் குரூப், மார்க் சுமார். ஏ.ஆர்.ரகுமான் என்றால் உயிர். அறைச் சுவர் முழுக்க அவர் படம், ராத்திரி ஒரு மணிவரை வேறு இசையமைப்பாளரின் ரசிகர்களோடு ஆன்லைனில் சண்டை. சிங்கப்பூரில் இருக்கும் அம்மான், கோவைப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு மேனேஜ்மென்ட் சீட் பேசி முடித்துவிட்டாராம். விடுதியோடு நான்கு வருடத்துக்கு 15 லட்சம். கையில் இருப்பது 3 லட்சம். மீதிக்குக் கடனும் நகையும். 'இந்தப் பாட்டுப் பைத்தியம் எப்போது தெளியும்?' என்று கேட்டிருக்கிறார்.

ஆச்சி, இந்த வயதில் யாரையாவது தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடாத பிள்ளை கிடையாது. அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். கவலைப்பட வேண்டியது அந்த 12 லட்சத்துக்கு. 11 சதவீதம் என்று வைத்தாலும் மாதம் 11,000 ரூபாய் வட்டிக்கே போய்விடும், முதல் அப்படியே நிற்கும். வட்டிக்கணக்கை உங்கள் ஊரில் நான் சொல்லித்தருவது திருப்பதிக்கே லட்டு கொடுக்கிற கதை. ஆனால் படிப்பு என்று வந்தால் மட்டும் கணக்குப் பார்ப்பதை எல்லோரும் விட்டுவிடுகிறோம். 'அந்தக் கோர்ஸில் சேர்த்தால்தான் நாலு பேர் மதிப்பார்கள்' என்கிறார் அம்மான். அந்த நாலு பேரில் ஒருவர்கூட தவணை கட்ட வரமாட்டார். இந்தச் சீட் வேண்டாம் என்பதுதான் என் பதில். கவுன்சிலிங்கில், கட்டுப்படியாகும் கட்டணத்தில், அவனே கேட்டு ஒரு பொறியியல் இடம் கிடைத்தால் அது வேறு பேச்சு.

சரி, பையனுக்கு வருவோம். நீங்கள் புகாராக எழுதிய சில வரிகளில்தான் விஷயமே இருக்கிறது. ஆசைப்பட்டானே என்று வாங்கிக் கொடுத்த கீபோர்டு இரண்டு வருடமாக அலமாரி மேல் தூசி படிந்து கிடக்கிறது. ஆனால் ஒரே பாட்டை மூன்று ஹெட்போனில் மாற்றி மாற்றிக் கேட்கிறான். கோயில் திருவிழாவில் சாமியைக்கூடப் பார்க்காமல் ரேடியோ செட்டுக்காரர் பக்கத்திலேயே போய் நிற்கிறான். மைக் கூவினால் எந்த ஸ்பீக்கரைத் திருப்ப வேண்டும் என்று அவருக்கே சொல்கிறான். இது இசையமைப்பாளர் ஆகப்போகிற பிள்ளையின் லட்சணம் இல்லை. அந்த ஆசை இருந்தால் கீபோர்டு தூசி பிடித்திருக்காது. அவன் மனம் ஒலியில் இருக்கிறது.

அவனிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: எச்.ஸ்ரீதர் யார்? ரகுமான் பாடல்களைப் பல வருடங்கள் ஒலிப்பதிவு செய்தவர், தேசிய விருது நான்கு முறை வாங்கியவர், 2008-இல் காலமானார். அடுத்து ரசூல் பூக்குட்டியைக் கேளுங்கள். 2009-இல் ரகுமான் இரண்டு ஆஸ்கார் வாங்கிய அதே படத்துக்கு, அதே மேடையில், ஒலிக்கலவைக்கான ஆஸ்காரை இன்னும் இருவரோடு பகிர்ந்துகொண்டவர். கேரளத்தில் பி.எஸ்சி. இயற்பியல் படித்துவிட்டு, புனேயில் உள்ள மத்திய அரசின் திரைப்படக் கல்லூரியில் ஒலிப்பதிவு படித்தவர். இந்த இரண்டு பேரையும் தெரிந்து வைத்திருந்தால் உங்கள் மகன் சாதாரண ரசிகன் இல்லை. தெரியாவிட்டால் ஆன்லைனில் சண்டை போடுகிற நேரத்தில் இவர்களைப் பற்றிப் படிக்கச் சொல்லுங்கள். ரகுமானையே எடுத்துக்கொண்டாலும், ஒன்பது வயதில் அப்பாவை இழந்து, பள்ளிக்கூட வயதிலேயே பிறருடைய குழுக்களில் கீபோர்டு வாசித்துச் சம்பாதித்தவர். முதல் படம் 1992-இல்தான் வந்தது. சுவரில் ஒட்டியிருக்கும் படம் அதற்கெல்லாம் பிறகு எடுத்தது.

இனி நான் சொல்ல வந்த படிப்பு. சென்னை தரமணியில் தமிழ்நாடு அரசு எம்.ஜி.ஆர். திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. அங்கே ஒளிப்பதிவு, இயக்கம், படத்தொகுப்போடு ஒலிப்பதிவுக்கும் தனிப் பட்டப்படிப்பு உண்டு. நான்கு வருடம். இசை, கவின்கலைப் பல்கலைக்கழகத்தின் பட்டம் கிடைக்கும். ஒலிப்பதிவுப் பிரிவுக்கு பிளஸ் டூவில் இயற்பியலும் வேதியியலும் படித்திருக்க வேண்டும். உங்கள் மகன் படித்திருக்கிறான். அரசுக் கட்டணம் என்பதால் அம்மான் பேசிய தொகைக்குப் பக்கத்தில்கூட வராது. இயக்குநர் ஆக ஆசைப்பட்டு அந்த வளாகத்துக்குப் போகிறவர்கள் ஏராளம். ஒலி என்று ஒரு பிரிவு இருப்பதே நம் பக்கத்துப் பள்ளிகளில் பலருக்குத் தெரியாது. இடங்கள் குறைவு, அதனால் அறிவிப்பு வந்ததும் விதிமுறைகளை வரிவிடாமல் படித்து விண்ணப்பிக்க வேண்டும்.

படித்து என்ன வேலை என்பீர்கள். படப்பிடிப்பில் நீளக் கம்பில் மைக் பிடிப்பதில் தொடங்கும். டப்பிங் அரங்கு, காலடி ஓசையையும் வளையல் சத்தத்தையும் தனியாக உண்டாக்கிச் சேர்க்கும் ஃபோலி வேலை, கடைசியில் எல்லாவற்றையும் கலந்து தரும் மிக்ஸிங். சினிமாவுக்கு வெளியே கச்சேரி, தொலைக்காட்சி, ஒலிப்புத்தகம், பாட்காஸ்ட் என்று இருக்கிறது. ஆரம்ப வருடங்களில் உதவியாளர் வேலைதான். ஒன்றாம் தேதி சம்பளம் என்பதெல்லாம் பெரும்பாலும் இருக்காது. இதை அவனிடமும் மறைக்காமல் சொல்லுங்கள்.

விண்ணப்பிப்பதற்கு முன்னால் ஒரு மாதம் அவனை வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். உங்கள் வீடே நல்ல பயிற்சிக்கூடம். ஆயாவைத் தாலாட்டுப் பாடச் சொல்லி, ஒரே தாலாட்டை முகப்பிலும் வளவிலும் அடுப்படியிலும் போனில் பதிவு செய்யட்டும். மேலே வானம் திறந்திருக்கும் வளவில் குரல் ஒரு மாதிரி இருக்கும். ஆத்தங்குடிக் கல் தரையும் வழவழப்பான சுண்ணாம்புச் சுவரும் சேர்ந்த மூடிய அறையில் எதிரொலி எழும்பி வார்த்தை குழம்பும். அங்கே ஒரு ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டால் என்ன ஆகிறது, போனை ஒரு முழம் பக்கத்தில் கொண்டுபோனால் என்ன ஆகிறது என்று நோட்டில் எழுதட்டும். ஃபேன் ஓடும் இரைச்சல் எவ்வளவு பெரிது என்பது அப்போதுதான் தெரியும். அப்புறம் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் வெட்டி ஒட்டி, ஐந்து நிமிடத்துக்கு ஒரு பதிவு தயார் செய்யட்டும். மூன்று நாளில் சலித்துவிட்டால் அதையும் எனக்கு எழுதுங்கள், வேறு யோசிப்போம். ஆயாவின் தாலாட்டாவது மிஞ்சும்.

தரமணியில் இடம் கிடைக்காவிட்டால்? காரைக்குடி அழகப்பா அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல். வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய்வரலாம். பட்டம் வாங்கிய பிறகு புனேக்கு நுழைவுத்தேர்வு எழுதலாம். தரமணிக்கும் காரைக்குடிக்கும் இந்த வருடமே விண்ணப்பம் போடுங்கள்.

இன்னொன்று. அம்மான் ஒதுங்கியதும் பையன் வேறு பக்கம் இழுப்பான். சென்னையில் லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கி ஒரே வருடத்தில் இசைத் தயாரிப்பு கற்றுத்தரும் கோர்ஸ் விளம்பரத்தை ஏற்கெனவே பார்த்திருப்பான். அதற்கும் நகை பெட்டியை விட்டு வெளியே வரக்கூடாது. இந்த வயதில் காசு கொடுத்து வாங்க வேண்டிய சாதனம் ஒரு நல்ல ஹெட்போன் மட்டுமே, அவனிடம்தான் மூன்று இருக்கிறதே.

'நம் குடும்பத்துக்கும் சினிமாவுக்கும் என்ன சம்பந்தம்' என்று அம்மான் கேட்டால், காரைக்குடிக் கடையில் கிராமபோன் தட்டு விற்கத் தொடங்கிய ஏ.வி.மெய்யப்ப செட்டியாரை ஞாபகப்படுத்துங்கள். 1940-களில் அவர் ஸ்டுடியோ போட்டுப் படம் எடுத்தது தேவகோட்டை ரஸ்தாவில், உங்கள் ஊருக்குப் போகிற வழியில்.

கல்லூரிக்கு முன்பணம் இன்னும் கட்டவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கட்டாதீர்கள். ஒரு மாதம் கழித்து அந்த ஐந்து நிமிடப் பதிவோடு பையனை அழைத்து வாருங்கள். அவனிடம் முதலில் தனியாகப் பேசிவிட்டு உங்களைக் கூப்பிடுகிறேன். அம்மானுக்கு அப்புறம் போன் போட்டுக்கொள்ளலாம்.