சொற்களை எண்ணினால் பிடிபடாது

இணையத்தில் சிறுவர்களைப் பாலியல் நோக்கத்தோடு வசப்படுத்துபவர்களின் பேச்சை ஆராய, அத்தகையவர்களை அம்பலப்படுத்திய ‘பெர்வெர்டட் ஜஸ்டிஸ்’ என்ற அமெரிக்க அமைப்பின் அரட்டைப் பதிவுகளில் ஆபாசச் சொற்களை எண்ணிப் பார்த்ததாகவும், பல உரையாடல்களின் முற்பகுதியில் ஒன்றுமே சிக்கவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். ஆய்வேட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சிக்காததுதான் உங்கள் கண்டுபிடிப்பு.

‘அம்மா எப்போது வருவார்? கணினி எந்த அறையில் இருக்கிறது?’ என்ற பாணிக் கேள்விகள் தனியே பார்த்தால் வெறும் நலம் விசாரிப்புதான். இவ்வகை வசப்படுத்தலை ஆராய்ந்த ரேச்சல் ஓ’கானல் 2003இல் இவற்றை, அகப்படும் அபாயத்தை அளந்து பார்க்கும் கட்டம் என்று வகைப்படுத்தினார். ஆனால் கட்டங்கள் வரிசையாக வரும் என்று நம்பிவிடாதீர்கள். நம்பிக்கை வளர்ப்பது, தனிமைப்படுத்துவது, இணங்குகிறாளா என்று சோதிப்பது எல்லாம் பின்னிப் பிணைந்தே நடக்கின்றன என்பதை மொழியியலாளர் லோரென்சோ-டஸ் குழுவின் 2016 ஆய்வில் காணலாம்.

ஆகவே ஒவ்வொரு வரியும் என்ன சொல்கிறது என்பதைவிட என்ன செய்கிறது என்று குறியுங்கள். குறிப்பாகப் பின்வாங்கும் இடங்களை. அத்துமீறிய ஒரு வரி, மறுமுனையில் மௌனம், உடனே ‘சும்மா சொன்னேன், கோபமா?’ இது மன்னிப்புப் போலத் தெரியும். உண்மையில் ‘பரவாயில்லை’ என்ற சொல்லை அந்தப் பிள்ளையின் வாயிலிருந்தே பிடுங்கும் வேலை. அடுத்த முறை எல்லை அங்கிருந்துதான் தொடங்கும்.

ஒரு பெரிய குறை: அந்தப் பதிவுகளில் ‘சிறுமி’யாகப் பேசுபவர்கள் நடிக்கும் பெரியவர்கள். பேச்சு அறுந்துவிடாமல் பார்த்துக்கொள்வது அவர்கள் வேலை. நிஜக் குழந்தை எப்படித் தயங்கும், எப்படி மறுக்கும் என்பதை அதிலிருந்து எழுதவே எழுதாதீர்கள். தேர்வாளர் முதலில் கை வைக்கும் இடம் அதுதான்.