உதவித்தொகை மறுப்பு: மேல்முறையீட்டில் எதைச் சேர்ப்பது?

கேள்வி: அம்மாவுக்கு எட்டு வருடமாக முடக்குவாதம். மாற்றுத்திறனாளி உதவித்தொகைக்கு விண்ணப்பித்தோம். ‘தன் வேலைகளைத் தானே செய்துகொள்கிறார்’ என்று நிராகரித்துவிட்டார்கள். எல்லா ரிப்போர்ட்டும் கொடுத்தாயிற்று. இன்னும் என்ன கொடுப்பது?

பதில்: முதலில் கடிதத்தில் மேல்முறையீட்டுக்கான கடைசித் தேதியைப் பாருங்கள். சான்றுகள் சேரட்டும் என்று காத்திருந்து கெடுவைத் தவறவிடுபவர்கள் நிறையப் பேர். மனுவை இப்போதே போட்டு, ‘கூடுதல் ஆவணங்கள் பின்னர் தரப்படும்’ என்று அதிலேயே எழுதிவிடுங்கள். அம்மாவை நேரில் பார்த்தவர் எழுதிய மதிப்பீட்டு அறிக்கையின் நகலையும் எழுத்துமூலம் கேளுங்கள்.

எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் நோய் இருப்பதைக் காட்டும். அதை யாரும் மறுக்கவில்லையே! அம்மாவால் எதைச் செய்ய முடியவில்லை என்பதற்குத்தான் சான்று வேண்டும்.

அறிக்கையில் ‘உதவியின்றி நடந்து வந்தார், பேனா பிடித்துக் கையெழுத்திட்டார்’ என்று இருக்கலாம். அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் பார்த்தது எத்தனை மணிக்கு? முடக்குவாதத்தில் காலையில் எழும்போது வரும் மூட்டு விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேலும் நீடிக்கலாம். 11 மணிக்குப் பார்த்தவருக்கு 6 மணிக் கை எப்படித் தெரியும்? அறிக்கையின் அந்தந்த வரியைக் குறிப்பிட்டே பதில் எழுதுங்கள்.

இரண்டு வாரம் குறிப்பேடு வையுங்கள். ‘ரொம்பச் சிரமப்பட்டார்’ என்பது உதவாது. ‘6.10: கட்டிலிலிருந்து நான் தூக்கிவிட்டேன். 6.40: பிரஷ் இருமுறை நழுவியது. 7.30 வரை டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தார்’ என்று எழுதுங்கள். நல்ல நாளையும் மறைக்காதீர்கள். 14 நாளும் ஒரே மாதிரி மோசம் என்றால் படிப்பவருக்குச் சந்தேகம்தான் வரும்.

டாக்டரிடம் பொதுவாக ‘சர்டிஃபிகேட்’ கேட்டால் நோயின் பெயரோடு இரண்டு வரி கிடைக்கும். கேள்விகளாக எழுதிக் கொடுங்கள்: பட்டன் போட, குளிக்க, பாத்திரம் தூக்க முடிகிறதா? பாதுகாப்பாகவா? அடுத்தடுத்துச் செய்ய முடியுமா? எவ்வளவு நேரமாகிறது? இன்னொன்று முக்கியம். பல இடங்களில் மேல்முறையீட்டில் பார்ப்பது, உதவித்தொகையை மறுத்த தேதியில் இருந்த நிலையை. குறிப்பேடு அதற்குப் பிந்தியது. ‘அப்போதும் இதே நிலைதான்’ என்று டாக்டர் எழுதினால்தான் அதற்கு எடை.

பழைய விண்ணப்பத்தையும் ஒருமுறை படித்துவிடுங்கள். கூச்சத்தில் ‘சமைப்பார்’ என்று டிக் போட்டிருந்தால், அவர்கள் கேட்பதற்குமுன் நீங்களே விளக்குங்கள்: அடுப்பின் முன் நிற்பார், காய் நறுக்குவதும் குக்கரை இறக்குவதும் நீங்கள்.

நகல்களுக்குப் பக்க எண் போட்டு, ஒப்புகை வாங்கிக்கொண்டு கொடுங்கள். அசல் உங்களிடமே இருக்கட்டும்.