சான்றிதழ் வந்துவிடும், ஒர்க்‌ஷாப் கிடைக்குமா?

கேள்வி: மகன் மெட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு) முடித்துவிட்டான். கார் வேலையில்தான் அவனுக்கு ஆசை. டெக்னிக்கல் கல்லூரியில் சேர்க்கட்டுமா, இல்லை அவன் மாமாவின் ஒர்க்‌ஷாப்பிலேயே விட்டுவிடட்டுமா? (டர்பன், சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு தாயார்)

பதில்: சேருங்கள் அம்மா. ஆனால் மாமாவையும் விட்டுவிடாதீர்கள்.

தென்னாப்பிரிக்காவில் தகுதி பெற்ற மெக்கானிக் ஆக டிரேட் டெஸ்ட் என்ற தொழில்திறன் தேர்வில் தேற வேண்டும். அதன் பிறகுதான் ரெட் சீல் என்ற தொழில் தகுதிச் சான்றிதழ். வகுப்பில் படித்தது மட்டும் அதற்குப் போதாது, நிஜமான ஒர்க்‌ஷாப்பில் வேலை பழகியதற்குப் பதிவும் கேட்பார்கள். படிப்பை முடித்துவிட்டு, பழக இடம் கிடைக்காமல் வீட்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை நான் நிறையப் பார்க்கிறேன். அதனால் கல்லூரி வாசலில் முதலில் கேட்க வேண்டியது கட்டணத்தை அல்ல. "பிள்ளையை எந்த ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்புவீர்கள்?" என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் யோசியுங்கள்.

டெக்னிக்கல் கல்லூரிகளின் பழைய என்1 முதல் என்3 வரையான படிப்புகளைப் படிப்படியாக நிறுத்துகிறார்கள். அவற்றின் இடத்தில் வரும் தொழில் சான்றிதழில் பாடம், செய்முறை, பணியிடம் என மூன்றும் சேர்ந்தே இருக்கும். அதைக் கேட்டு வாங்குங்கள். டர்பனில் கோஸ்டல், தெக்வினி போன்ற அரசுக் கல்லூரிகள் இருக்கின்றன. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3,50,000 ராண்டுக்குள் என்றால் என்எஸ்ஃபாஸ் என்ற அரசு மாணவர் நிதியுதவிக்கு விண்ணப்பிக்கலாம். தனியார் கல்லூரி என்றால் உயர்கல்வித் துறையில் பதிவு உண்டா, தொழிற்படிப்புகளின் தரத்தைக் கவனிக்கும் கியூசிடிஓ அமைப்பின் அங்கீகாரம் உண்டா என்று பார்த்த பிறகுதான் பணம் கட்ட வேண்டும்.

சரி, மாமாவிடமே பழகலாமே, கல்லூரி எதற்கு? சாவியைத் திருப்பினால் ஒரு வண்டியின் இன்ஜின் மெதுவாகச் சுற்றி ஸ்டார்ட் ஆக மறுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பலர் உடனே பேட்டரியை மாற்றுவார்கள், அப்புறம் ஸ்டார்ட்டரை. படித்த பையன் மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் இன்னொன்றை இன்ஜின் பிளாக்கிலும் வைத்துச் சாவியைத் திருப்பச் சொல்வான். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கோளாறு பேட்டரியை இன்ஜினோடு இணைக்கும் எர்த் வயரில். துருவைச் சுரண்டி இறுக்கினால் வேலை முடிந்தது. மின்சாரப் பாடம் காசாகும் இடம் இதுதான். அதோடு, டர்பனின் பிராஸ்பெக்டன் ஆலையில் டொயோட்டா 2021-லிருந்து கொரோலா கிராஸ் ஹைபிரிட் தயாரிக்கிறது. உயர் மின்னழுத்தம் ஓடும் அதன் ஆரஞ்சு நிற வயர்களைப் பார்த்துப் பழகுவோம் என்று கை வைக்க முடியாது, உயிருக்கே ஆபத்து.

மாமா விஷயத்துக்கு வருகிறேன். அவரே டிரேட் டெஸ்ட் தேறியவரா? அப்படியானால் அவரது ஒர்க்‌ஷாப்பை அங்கீகரித்து, மகனின் அப்ரெண்டிஸ் ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய முடியுமா என்று இந்தத் துறையின் பயிற்சி அமைப்பான மெர்செட்டாவில் விசாரியுங்கள். கையெழுத்துப் போட்டுப் பதிவு செய்யாத வாய்ப்பேச்சு ஒப்பந்தத்தை அப்ரெண்டிஸ்ஷிப்பாகக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். சொந்தக்காரர் ஆயிற்றே என்று இதைத் தள்ளிப்போடுபவர்கள்தான் பின்னால் மாட்டிக்கொள்கிறார்கள்.

அவருக்கு அந்தத் தகுதி இல்லை என்றாலும் அனுபவம் வீண் போகாது. சில ஆண்டுகள் வேலை பார்த்தவர்கள் ஏஆர்பிஎல் என்ற முன் அனுபவ அங்கீகார முறை வழியாக டிரேட் டெஸ்டுக்குப் போகலாம். அதற்கு ஆதாரம் வேண்டும். இன்றிலிருந்தே ஒரு நோட்டில் தேதி, வண்டி, கோளாறு, தான் செய்த வேலை எல்லாவற்றையும் எழுதி, மாமாவிடம் வாராவாரம் கையெழுத்து வாங்கச் சொல்லுங்கள். கிளட்ச், பிரேக், இன்ஜின் என்று எல்லா வேலையும் அதில் வர வேண்டும். ஆயில் மாற்றியதையே பக்கம் பக்கமாக எழுதினால் செல்லாது.