அனுபவம் இல்லாத பயோடேட்டாவில் என்ன எழுதுவது?

அன்புள்ள ஐயா,

பி.காம். முடித்து ஓராண்டு ஆகிறது. டாலி கணக்கு மென்பொருள் சான்றிதழும் இருக்கிறது. விருதுநகரிலும் மதுரையிலுமாக ஒன்பது இடங்களுக்கு அக்கவுன்ட்ஸ் அசிஸ்டன்ட் வேலைக்குப் போய் வந்துவிட்டேன். எல்லா இடத்திலும் “ரெண்டு வருஷ அனுபவம் இருக்கா?” என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. கடின உழைப்பு, நேர்மை, பொறுமை என்று என் குணங்களைப் பயோடேட்டாவில் எழுதியிருக்கிறேன். யாரும் அதை ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. அனுபவம் இல்லாதவர்களுக்குக் குணம் கைகொடுக்கும் என்கிறார்களே, அது வெறும் பேச்சுதானா?

ம., விருதுநகர்

அன்புள்ள ம.,

குணம் கட்டாயம் கைகொடுக்கும். ஆனால் நீங்கள் எழுதிய அந்த மூன்று சொற்களும் அன்று வந்த எல்லாப் பயோடேட்டாவிலும் இருந்திருக்கும். படிப்பவர் எதை வைத்து உங்களை நம்புவார்?

அவர் எதற்குப் பயப்படுகிறார் என்று முதலில் பாருங்கள். வவுச்சர் போடுவதையும் பில் ஏற்றுவதையும் பத்து நாளில் சொல்லிக்கொடுத்துவிடலாம். தப்பாக ஏறிய ஒரு என்ட்ரி சத்தமில்லாமல் உள்ளே கிடந்து மூன்று மாதம் கழித்து வெளியே வருவதுதான் அவருடைய பயம். ஒரே மாதிரிப் பெயரில் இரண்டு பார்ட்டிகள் (சரக்கு வாங்குபவர்கள்) இருக்கிறார்கள், விற்பனை பில்லில் ஆளை மாற்றிப் போட்டுவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜிஎஸ்டி எண்ணின் 15 இலக்கத்தில் ஒன்றைத் தவறாக அடித்திருந்தால் சரிபார்ப்புக்கென்றே இருக்கும் கடைசி இலக்கம் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். பார்ட்டியே மாறிப்போனால் எண் செல்லும் எண்ணாகவே இருக்கும், எங்கேயும் தடுக்காது. மாதச் சரக்கு 1,00,000 ரூபாய், வரி 18 சதவீதம் என்றால், உண்மையில் வாங்கியவரின் 2பி-யில் (அவர் கழித்துக்கொள்ளக்கூடிய வரியைக் காட்டும் ஜிஎஸ்டி பட்டியல்) அந்த 18,000 வராது. அவர் பணம் அனுப்பும்போது அதைப் பிடித்துக்கொள்வார். விற்பனை விவர ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-1 போடும் 11-ஆம் தேதிக்கு முன்னால் “சார், பார்ட்டி மாத்திப் போட்டுட்டேன்” என்று சொல்லியிருந்தால் ஒரு நிமிட வேலை. ரிட்டர்ன் போன பிறகு என்றால் அடுத்த மாதம் திருத்த வேண்டும், அதுவரை பார்ட்டியிடம் பேச்சு வாங்க வேண்டும்.

ஆகவே இந்த வேலைக்கு நான் முதலில் வைக்கும் குணம், தன் பிழையைத் தானே தேடிப் பிடித்து உடனே சொல்வது. நேர்மை என்ற சொல்லுக்கு அக்கவுன்ட்ஸ் மேசையில் இதுதான் பொருள். இதை வேலை கிடைப்பதற்கு முன்பே காட்ட முடியும்.

உங்கள் வீட்டிலோ உறவிலோ யாருடைய கணக்காவது மூன்று மாத பேங்க் ஸ்டேட்மென்ட் கேட்டு வாங்குங்கள். சின்னக் கடைக் கணக்காக இருந்தால் இன்னும் நல்லது. டாலியின் எஜுகேஷனல் மோடுக்கு (பயிற்சிக்கான வடிவம்) லைசென்ஸ் வேண்டாம். மாதத்தில் சில தேதிகளுக்கு மட்டுமே அதில் என்ட்ரி போட முடியும் என்பதால் உண்மைத் தேதியை நரேஷனில், அதாவது என்ட்ரியின் குறிப்புப் பகுதியில், எழுதிக்கொள்ளுங்கள். பில், ரசீது, செக் அடிக்கட்டை ஆகியவற்றைப் பார்த்து முதலில் ஏற்றுங்கள். ஸ்டேட்மென்டைப் பார்த்து ஏற்றினால் ஒப்பிட ஒன்றும் மிஞ்சாது. ஏற்றி முடித்தபின் வரிக்கு வரி ஸ்டேட்மென்டோடு வைத்துப் பாருங்கள். பேலன்ஸ் ஒத்துப்போகாது. கொடுத்த செக் இன்னும் பாஸ் ஆகாதது, பேங்க் பிடித்த சார்ஜ், வரவு வைத்த வட்டி, இரண்டு முறை ஏறிய ஜிபே என்று காரணங்கள் ஒவ்வொன்றாக வரும். மிச்சமிருக்கும் வித்தியாசம் 9-ஆல் மீதியின்றி வகுபட்டால் இலக்கம் இடம் மாறியதா என்று பாருங்கள்: 5,640-ஐ 5,460 என்று அடித்தால் வித்தியாசம் 180. டாலியில் இந்தப் பிழை டிரயல் பேலன்ஸில் (பற்றும் வரவும் சமமா என்று காட்டும் பட்டியல்) தெரியாது, ஏனென்றால் பற்றிலும் வரவிலும் அதே தப்புத் தொகைதான் ஏறியிருக்கும். வெளியாள் கொடுத்த கணக்கோடு ஒப்பிட்டால்தான் பிடிபடும். டிரயல் பேலன்ஸ் டேலி ஆகிவிட்டது என்று நிம்மதியாக எழுந்துபோகும் புதியவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

இதை ஒரு பக்க ரெகன்சிலியேஷன் தாளாக (இரண்டு கணக்குக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கும் தாள்) எடுத்து, குணங்களை எழுதியிருந்த இடத்தில் இப்படிப் போடுங்கள்: “சிறு கடை ஒன்றின் 3 மாதக் கணக்கு, 140 என்ட்ரி, டாலியில் ஏற்றி பேங்கோடு ஒப்பிட்டது. முதலில் ஏற்றியதில் 4 பிழை, கண்டுபிடித்துத் திருத்தியது.” எண்கள் உங்கள் தாளில் உள்ளபடியே இருக்கட்டும். பிழைகளை ஏன் எழுத வேண்டும் என்று தோன்றும். அனுபவமுள்ள அக்கவுன்டன்ட் அந்த நான்கைப் பற்றித்தான் கேட்பார், உங்களிடம் சொல்ல விஷயம் இருக்கும்.

தாளை எடுத்துப் போகும் முன் அக்கவுன்ட் எண், பார்ட்டி பெயர், போன் எண் எல்லாவற்றையும் கறுப்படித்துவிடுங்கள். சொந்தக்காரர் கடையின் பார்ட்டி லிஸ்டை இன்டர்வியூ மேசையில் விரித்துப் போட்டால், நாளைக்கு என் லிஸ்டும் இப்படித்தான் இன்னொரு மேசைக்குப் போகும் என்று எதிரே இருப்பவர் நினைப்பார். கணக்கு வேலையில் வாய் காப்பது பாதி வேலை. கறுப்படித்த தாளே அதைச் சொல்லிவிடும்.

இன்டர்வியூவில் தெரியாததைக் கேட்டால், செய்திருக்கிறேன், பார்த்திருக்கிறேன், படித்திருக்கிறேன் என்ற மூன்றில் எது என்று பிரித்துச் சொல்லுங்கள். “2பி பார்ப்பீங்களா?” என்றால், “14-ஆம் தேதி வரும், பர்ச்சேஸ் பில்லோடு ஒப்பிட்டு வராததை லிஸ்ட் எடுக்கணும்னு படிச்சிருக்கேன் சார், போர்ட்டலில் செஞ்சதில்லை” என்பது நல்ல பதில். வெறும் “தெரியும்” ஆபத்து. அடுத்த கேள்வியிலேயே சிக்குவீர்கள், அதன் பிறகு உண்மையில் தெரிந்ததையும் நம்பமாட்டார்கள். வெறும் “தெரியாது” என்பதும் உங்களுக்கு நீங்களே செய்துகொள்ளும் அநியாயம்.

நேரம் தவறாமை பற்றிக் கேட்டால் காலை ஒன்பது மணிக்கு வருவதைச் சொல்லி நிறுத்தாதீர்கள். டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடித்த வருமான வரி) கட்ட 7, ஜிஎஸ்டிஆர்-1-க்கு 11, பிஎஃப், இஎஸ்ஐ 15, வரி கட்டும் ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-3பி 20 என்று மாதாமாதம் ரிட்டர்ன் போடும் இடங்களில் நாள் ஓடும். 3பி ஒரு நாள் தாமதித்தால் 50 ரூபாய் லேட் ஃபீ, கட்டாத வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. “லீவு வேணும்னா இந்தத் தேதிகளைத் தள்ளித்தான் கேட்பேன்” என்று நீங்களாகச் சொல்லிப் பாருங்கள்.

பொறுப்பைக் காட்ட வேறொன்றும் இருக்கிறது. கல்லூரி விழாவிலோ ஊர்த் திருவிழாவிலோ வசூல் நோட்டு உங்கள் கையில் இருந்ததா? எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவு, மிச்சத்தை யாரிடம் ஒப்படைத்தீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். அந்தப் பொறுப்பாளரிடம் கேட்டுவிட்டு அவர் பெயரையும் போடுங்கள்.

காசுக்கு அனுபவச் சான்றிதழ் தருவதாக யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். பிஎஃப் உள்ள இடத்தில் சேரும்போது பழைய யுஏஎன் (வேலை மாறினாலும் மாறாத பிஎஃப் எண்) கேட்பார்கள். இரண்டு வருஷம் வேலை பார்த்ததாகச் சொல்பவருக்கு அது இல்லையென்றால் கேள்வி வரும். பிஎஃப் இல்லாத சின்ன இடமென்றால் நேராகப் போனில் விசாரிப்பார்கள்.

கடைசியாக, கம்பெனிகளை மட்டும் சுற்றாமல் ஆடிட்டர் அலுவலகங்களிலும் கேளுங்கள். சம்பளம் குறைவாகத்தான் இருக்கும். ஆனால் ஒரே வருஷத்தில் அரிசி மண்டி, ஹார்டுவேர் கடை, அச்சகம் என்று பலவிதக் கணக்குகள் கையில் வரும். வருமான வரித் தணிக்கை அறிக்கைக்குக் கெடு செப்டம்பர் 30. அதற்கு முந்தைய மாதங்களில் அங்கே ஆள் போதாது. ஜூன், ஜூலையில், அந்த ஒரு பக்கத் தாளோடு போங்கள்.