ஒரே பட்டையில் அடித்த இரண்டு கத்தி: ஒன்றில் பொக்கை, ஒன்றில் மடங்கல்

கேள்வி: அப்பா தோட்டத்தில் பாராங் என்கிற நீளமான வெட்டுக்கத்தியும் செம்பனை அரிவாளும் அடித்துக் கொடுத்தவர். அவருடைய பட்டறையை இப்போது மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் நான் நடத்துகிறேன். சமீப காலமாக ஆட்கள் தேடி வந்து, தங்களுக்கென்று சமையல் கத்தி அடித்துத் தரச் சொல்கிறார்கள். லோரி ஸ்பிரிங் பட்டையில் இரண்டு கத்தி அடித்தேன். கேட்டரிங் செய்யும் ஓர் அக்காவின் கத்தியில் மூன்றே வாரத்தில் அரிசி அளவுக்குப் பொக்கை விழுந்துவிட்டது. இன்னொருவருடைய கத்தியின் வாய் மடங்கிக்கொண்டே இருக்கிறது. இரண்டும் ஒரே பட்டை, ஒரே நாளில் அடித்தவை. தவறு எங்கே? ஆர்டர் எடுக்கும்போது என்ன கேட்க வேண்டும், விலை எப்படிச் சொல்ல வேண்டும்?

பதில்:

தம்பி, ஒரே பட்டை, ஒரே நாள் என்று எழுதினீர்களே, அதுதான் எனக்குப் பெரிய உதவி. இரும்பு ஒன்றாக இருந்தும் கத்திகள் இரண்டு விதமாகக் கெட்டிருக்கின்றன என்றால், கோளாறு இரும்பில் இல்லை, சூட்டில் இருக்கிறது. ஒரு கத்தி உலையில் அதிகமாகக் காய்ந்திருக்கிறது, அல்லது எண்ணெயில் தோய்த்த பிறகு சரியாகப் பதம் இறக்கப்படவில்லை, அதாவது மிதமான சூட்டில் மறுபடி வைத்து முறுகலைக் குறைக்கவில்லை. இன்னொன்று போதுமான சூடு ஏறாமலேயே எண்ணெய்க்குள் போயிருக்கிறது. அப்பாவின் பாராங்குகளில் இந்த வித்தியாசம் வெளியே தெரிந்திருக்காது. பாராங்கின் முதுகு 5, 6 மில்லிமீட்டர் கனம், வாயும் தடிமன். கொஞ்சம் மெதுவாக இருந்தாலும் அரம் போட்டுத் தீட்டிக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போய்விடுவார்கள். சமையல் கத்தியில் கூருக்குச் சற்று மேலே கனம் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. அந்த மெல்லிய இடத்தில் சூட்டில் செய்த சின்னப் பிசகும் அப்படியே வெளியே வந்துவிடும்.

முதலில் கையில் இருக்கும் இரண்டு கத்தியையும் சோதித்துப் பாருங்கள். விரல் கனத்தில் ஒரு பித்தளைக் கம்பியை வைஸில் படுக்க வைத்துக் கட்டுங்கள். கத்தியைத் தீட்டும் கோணத்தில் சாய்த்து, வாயைக் கம்பி மேல் வைத்து, மிதமாக அழுத்தி இழுங்கள். விளக்கு எதிரே இருந்தால் வாய் லேசாக வளைவது கண்ணுக்குத் தெரியும். வளைந்து, கம்பியைத் தாண்டியதும் நிமிர்ந்துவிட்டால் பதம் சரி. வளைந்தபடியே நின்றால் மெது. துணுக்காக உதிர்ந்தால் முறுகல். நான் ஒரு கத்தியைக்கூட இந்தச் சோதனை இல்லாமல் பட்டறையை விட்டு வெளியே அனுப்புவதில்லை. நீங்களும் இதைப் பழக்கமாக்கிக்கொண்டால் அந்த அக்கா மாதிரி ஒருவர் கத்தியைத் திருப்பி எடுத்துக்கொண்டு வரும் நிலை வராது.

இப்போது சூடு. இரும்பு 770 டிகிரியில் காந்தத்துக்கு ஒட்டுவதை விட்டுவிடும். பழைய ஒலிபெருக்கிக் காந்தத்தைக் கம்பியில் கட்டி உலைக்குப் பக்கத்தில் தொங்க விடுங்கள். கத்தி ஒட்டாமல் போனதும் அவசரப்பட்டு எண்ணெயில் இறக்கிவிடாதீர்கள். ஸ்பிரிங் பட்டைக்கு இன்னும் கொஞ்சம் ஏற வேண்டும், சுமார் 830 டிகிரி. அதோடு அந்தச் சூட்டில் சில நிமிடம் நிற்கவும் வேண்டும். அதில் பெரும்பாலும் குரோமியம் கலந்திருக்கும், அதனால் கரி (இரும்பில் கலந்திருக்கும் கார்பன்) முழுதும் இரும்புக்குள் கரைய நேரம் பிடிக்கும். உங்கள் மடங்கும் கத்தி இந்த இடத்தில்தான் தவறியிருக்கும் என்று நினைக்கிறேன்.

கண்ணால் பார்க்கவும் ஓர் அடையாளம் உண்டு. கத்தி சிவந்து வரும்போது உற்றுப் பார்த்தால், மேலே மங்கலான நிழல் மாதிரி ஒன்று மெல்ல நகரும். கனமான இடத்தில் அந்த நிழல் கடைசிவரை தங்கும். இரும்பு உள்ளுக்குள் மாறுகிறபோது சூட்டை விழுங்குவதால் வருவது அது. நிழல் முழுதும் மறைந்து, நுனியிலிருந்து பிடிப்பக்கம் வரை ஒரே நிறமாக ஆன பிறகுதான் தோய்க்கும் நேரம் நெருங்குகிறது. நம் ஊர் நடுப்பகல் வெளிச்சத்தில் இந்த நிழலைப் பார்க்கவே முடியாது. வெயிலில் நின்றுகொண்டு நிறம் பார்ப்பவர் எப்போதும் தேவைக்கு மேலே காய்ச்சிவிடுவார், ஏனென்றால் நன்றாகப் பழுத்த இரும்புகூட வெளிச்சத்தில் மங்கலாகத்தான் தெரியும். பொக்கை விழுந்த கத்தியைப் பகலில் தோய்த்தீர்களா என்று யோசித்துப் பாருங்கள். தோய்க்கும் வேலையை மாலை ஏழு மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது உலைக்கு மேல் கூரை இறக்கி இருட்டாக்கிக்கொள்ளுங்கள்.

அதிகச் சூட்டில் என்ன ஆகிறது என்பதை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால் பிறகு மறக்க மாட்டீர்கள். அதே பட்டையில் இரண்டு அங்குலத் துண்டுகள் இரண்டை வெட்டிக்கொள்ளுங்கள். ஒன்றை ஆரஞ்சு நிறம் தாண்டி மஞ்சளாகும் வரை காய்ச்சித் தோயுங்கள். இன்னொன்றை நிழல் மறையும் சூட்டில் தோயுங்கள். இரண்டையும் துணியில் சுற்றி, வைஸில் கட்டி, சுத்தியலால் தட்டி உடையுங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், சில்லு தெறிக்கும். முதல் துண்டின் உடைந்த முகம் சீனியைக் கொட்டிய மாதிரி மினுமினுக்கும். இரண்டாவது, சாம்பல் நிற வெல்வெட் துணி மாதிரி மங்கலாக, பொடியாக இருக்கும். சீனி மாதிரி இருப்பதுதான் பொக்கை விழும் இரும்பு. இரும்புக்குள் இருக்கும் நுண்ணிய மணிகள் பெரிதாகிவிட்டால் அவற்றுக்கு நடுவில் விரிசல் சுலபமாக ஓடும்.

பெரிதான மணியைத் திரும்பச் சின்னதாக்கலாம், அதனால் அக்காவின் கத்தியைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. பிடியைக் கழற்றிவிட்டு, நிழல் மறையும் சூட்டுக்குக் கொஞ்சம் மேலே காய்ச்சி, காற்றில் தொங்கவிட்டு ஆற விடுங்கள். கருத்து, காந்தம் ஒட்டும் வரை ஆறட்டும். இப்படி மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் சூட்டைச் சற்றுக் குறைத்துச் செய்யுங்கள். அதன் பிறகு மறுபடி தோய்த்துப் பதம் இறக்குங்கள். அடித்து முடித்த எந்தக் கத்தியையும் தோய்ப்பதற்கு முன் இப்படி மூன்று தடவை காய்ச்சி ஆறவிடுவது கட்டாயம். பல பட்டறைகளில் நேரமில்லை என்று விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை, கத்தியின் ஆயுளில் பாதி அதில்தான் இருக்கிறது. மரக்கரி உலை என்றால் கோலா செப்பெத்தாங் பக்காவ் (சதுப்புநிலக் காட்டு மரம்) கரி நல்லது. கந்தகம் குறைவு, சூடு சீராக நிற்கும்.

தோய்க்கும் எண்ணெய்க்கு வெளியே தேட வேண்டாம். சமையல் பாமாயிலே போதும், ஆனால் 50, 60 டிகிரிக்குச் சூடாக்கிக்கொள்ளுங்கள். ஆறிய எண்ணெய் கெட்டியாக இருக்கும், சூட்டை வேகமாக இழுக்காது. ஸ்பிரிங் பட்டையைத் தண்ணீரில் தோய்க்கவே தோய்க்காதீர்கள். ஆரம்பத்தில் நான் அப்படிச் செய்த ஒரு கத்தி வாளிக்குள்ளேயே 'டிங்' என்றது. எடுத்துப் பார்த்தால் வாயிலிருந்து முதுகு வரை மயிரிழை விரிசல். மூன்று நாள் வேலை அது. எண்ணெய்ப் பாத்திரம் இரும்பாக இருக்கட்டும், மூடி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும், பக்கத்தில் மணல் வாளி வையுங்கள். எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. கத்தியை நுனி கீழாக நேராக இறக்கி, முதுகும் வாயும் போகும் திசையில் மட்டும் அசையுங்கள். பக்கவாட்டில் அசைத்தால் கோணிக்கொள்ளும். தோய்ப்பதற்கு முன் வாயை மெல்லிதாகத் தேய்த்துவிடாதீர்கள், ஒரு மில்லிமீட்டருக்கு மேல் விட்டு வையுங்கள். மேல் தோலில் கரி எரிந்து போன மெதுவான படலம் ஒன்று இருக்கும், பிறகு தேய்க்கும்போது அதுவும் போய்விடும்.

தோய்த்த கத்தி கண்ணாடி மாதிரி. கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும், அன்றைக்கே, உடனே பதம் இறக்க வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று தூங்கப் போகாதீர்கள். வீட்டில் கேக் சுடும் மின் அடுப்பு (ஓவன்) போதும். ஆனால் அதன் திருகில் போட்டிருக்கும் டிகிரிக் கணக்கை நம்பாதீர்கள், தனியாக ஒரு வெப்பமானி வாங்கி உள்ளே வையுங்கள். தட்டில் மணல் பரப்பி, கத்தியை அதற்குள் புதைத்து 200 டிகிரியில் இரண்டு மணி நேரம். ஆறவிட்டு மறுபடி இரண்டு மணி நேரம். வெளியே எடுத்துத் தேய்த்த இடத்தைப் பார்த்தால் வைக்கோல் நிறம் தெரியும். எலும்புப் பக்கம் போகும் கத்தியென்றால் 220 வரை போகலாம்.

என் யோசனை இன்னொன்றும் உண்டு. ஸ்பிரிங் பட்டையைப் பாராங்குக்கே வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு அது அருமையான இரும்பு, அடி தாங்கும். சமையல் கத்திக்கு 1084 என்று விற்கும் கரி எஃகுப் பட்டை வாங்குங்கள். அதில் கரி சுமார் 0.8 சதவீதம், ஸ்பிரிங் பட்டையில் 0.6-ஐ ஒட்டி. 1084-க்குச் சூட்டில் நெடுநேரம் நிற்க வேண்டியதில்லை, காந்தம் விட்டுச் சற்று மேலே போனால் போதும், எளிய உலைக்கு ஏற்ற இரும்பு. மெல்லிய பட்டையாகவே கிடைப்பதால் அடிக்கும் நேரமும் மிச்சம். பழைய ஸ்பிரிங்கில் இன்னொரு தொல்லை, வருடக்கணக்கில் குலுங்கியதில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் உள்ளே இருக்கலாம். நீங்கள் ஒழுங்காகச் செய்தாலும் அது காலை வாரிவிடும்.

சரி, ஆர்டர். இதைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன். எத்தனை அங்குலம், என்ன மரப்பிடி என்று கேட்பதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். நான் முதலில் கேட்பது, இப்போது எந்தக் கத்தியால் வெட்டுகிறீர்கள், அதை எடுத்து வர முடியுமா என்பதுதான். பழைய கத்தி எல்லாவற்றையும் சொல்லிவிடும். வாயின் நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் அவர் இழுத்து வெட்டுகிறவர். அடிப்பக்கம் பொக்கையாக இருந்தால், இல்லையென்று சொன்னாலும் எலும்பு வெட்டுகிறார். பிடியில் ஒரு பக்கம் மட்டும் பளபளப்பாக இருந்தால் அந்தப் பக்கம்தான் கை அழுந்துகிறது.

ஒரு தடவை கோயில் அன்னதானச் சமையலுக்குக் கத்தி கேட்டு வந்த ஓர் அக்காவோடு அடுப்படிக்கே போனேன். ஒரு மூட்டை வெங்காயம். அவர் பிடியைப் பிடிக்கவே இல்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இரும்பு மேல், பிடிக்கு முன்னால். ஆள்காட்டி விரலின் அடியில் மிளகு அளவுக்குக் காய்ப்பு. பழைய கத்தியின் முதுகு அந்த இடத்தில் சதுரமாக, கூர் விளிம்போடு இருந்தது. அவருக்காக நான் செய்ததில் பெரிய வேலை எதுவுமில்லை. முதுகையும் அடிமூலையையும் உருட்டி மழமழவென்று தேய்த்துக் கொடுத்தேன், அவ்வளவுதான். இரண்டு மாதம் கழித்து வந்து காய்ப்பு மறைந்த விரலைக் காட்டினார். கடையில் தொங்கும் கத்தியில் கிடைக்காதது இதுதான். உங்களைத் தேடி வருகிறவர்கள் இதற்காகத்தான் காசு கொடுக்கிறார்கள்.

இடது கைக்காரரா, எந்தப் பலகையில் வெட்டுகிறார், மரமா பிளாஸ்டிக்கா அல்லது மேடைக் கல்லா, யார் கழுவுகிறார்கள், இரவு முழுதும் தொட்டியில் ஊறுமா என்பதையும் கேளுங்கள். கல்லின் மேல் வெட்டுகிறவருக்கு எந்தக் கத்தியும் நிற்காது, அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். எலும்பும் காய்கறியும் ஒரே கத்தியில் வேண்டும் என்பவருக்கு இரண்டு கத்தி தேவை. உங்கள் அக்கா கேட்டரிங் செய்கிறவர், ஆட்டுக்கறி இல்லாமல் இருக்காது. காய்கறிக்கு ஒரு பக்கத்துக்கு 15 டிகிரிக் கோணத்தில், முதுகு 2 மில்லிமீட்டர் சொச்சத்தில் ஒன்று. எலும்புக்குக் கனமாக, 25 டிகிரியில் இன்னொன்று. அதற்கு உங்கள் ஸ்பிரிங் பட்டையே சரி.

கரி எஃகு துருப்பிடிக்கும், நம் ஊர் ஈரத்தில் ஒரே இரவில் பிடிக்கும். எலுமிச்சை, புளி, வெங்காயம் பட்டால் நீலமும் சாம்பலுமாக நிறம் மாறும், அது துரு அல்ல, காலப்போக்கில் காவலாகவே இருக்கும். இதை வாங்குகிறவரிடம் நேரில் சொல்லுங்கள், துடைத்துக் காய வைத்து எண்ணெய் தடவிக் காட்டிக் கொடுங்கள். பிடிக்கு ரப்பர் மரம் கைக்கு வருகிறது என்று போட்டுவிடாதீர்கள். பதப்படுத்தாத ரப்பர் மரத்தைப் பூஞ்சையும் வண்டும் சீக்கிரம் பிடிக்கும். செங்கால் மரம் ஈரத்தைத் தாங்கும், பழைய வீட்டு உத்திரத் துண்டு கிடைத்தால் அதுவே காய்ந்த நல்ல மரம்.

அலையலையாகக் கோலம் விழுந்த டமாஸ்கஸ் கத்தி வேண்டும் என்றும் சிலர் கேட்பார்கள். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மூசையில் (மண் உருக்குக் கிண்ணத்தில்) உருக்கிய எஃகு மேற்காசியாவுக்குப் போய் அந்தப் பெயர் வாங்கியது. இன்று அந்தப் பெயரில் வருவது பெரும்பாலும் இரண்டு எஃகை அடுக்கி ஒட்டி அடிப்பது. அழகுக்கு அது சரி. அதனால் கூடுதலாக வெட்டும் என்று மட்டும் சொல்லி விற்காதீர்கள்.

விலைக்கு, மூன்று கத்திக்கு ஆன நேரத்தைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதுங்கள். அடிப்பது, தேய்ப்பது, பதம், பிடி, உறை, எல்லாம் தனித்தனியாக. உங்கள் ஒரு நாள் கூலியை அதில் வைத்துப் பாருங்கள், அப்புறம் எஃகு, கரி, தேய்க்கும் பெல்ட், மரம் சேருங்கள். பத்தில் ஒரு கத்தி எண்ணெயில் வெடிக்கும் என்று கணக்கில் கொள்ளுங்கள். எத்தனை வெள்ளி வருகிறதோ அதைத் தயங்காமல் சொல்லுங்கள். பாதி முன்பணம். பாசார் மாலாம் (இரவுச் சந்தை) கத்தியோடு ஒப்பிட்டுப் பேசுகிறவரிடம் கோபப்பட வேண்டாம், அவருக்கு அந்தக் கத்தி போதும் என்று மரியாதையாகச் சொல்லி அனுப்புங்கள். கத்தியை உறை போட்டு, பெட்டியில் கட்டி, ரசீதோடு கொடுங்கள். தக்க காரணமில்லாமல் பொது இடத்தில் கத்தி கொண்டு போவது நம் நாட்டில் 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி கடுமையான குற்றம். நேராக வீட்டுக்கு எடுத்துப் போகச் சொல்லுங்கள், மோட்டார் சைக்கிள் கூடையில் போட்டுவிட்டுச் சுற்ற வேண்டாம்.

மடங்கும் கத்தியைத் திருப்பித் தோய்ப்பதற்கு முன் அரம் போட்டுப் பாருங்கள். மேலே மட்டும் கடித்து, கொஞ்சம் தேய்த்ததும் வழுக்கினால், எரிந்த தோல்தான். நாலைந்து தடவை தீட்டினால் சரியாகிவிடும். உள்ளேயும் கடித்தால் பிடியைக் கழற்றி மறுபடி முதலிலிருந்து செய்யுங்கள். இரண்டு பேரிடமும் காசு வாங்காதீர்கள். தீபாவளி ஆர்டர் தொடங்குவதற்கு முன் அக்காவின் கத்தியை முடித்து, நீங்களே அவர் அடுப்படிக்குக் கொண்டு போங்கள், அவர் வெட்டுவதையும் அப்படியே நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.